ஆண் பிள்ளைக்குப் பயணம், பெண் பிள்ளைக்கு உடுப்பு



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள். வாசிக்காமலே கொமெண்ட் போடுகிறவர்களுக்கு எங்களிடம் பதில் இல்லை.

ஒக்டோபர் பிறந்ததிலிருந்து ஊர்ப் பெண்களின் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரே விளம்பரம். "ஓட்டம் கலெக்ஷன் வந்திரிக்கி, இன்பொக்ஸ் வாங்க." காய்ந்த இலை நிறத்தில் அபாயா, துரு நிறத்தில் ஸ்கார்ப், அபாயாவுக்கு மேலே போட நீளக் கோட் ஒன்று, கடுகு நிறத்தில் ஹூடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: 'வீக்கெண்ட் அவுட்டிங் ஸ்பெஷல்', 'கேஷுவல் டே அவுட்', 'பீச் வோக்'. எங்கள் சக ஆசிரியை ஒருவரின் வீட்டில் இந்த லைவ் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தபோது அவருடைய மூத்தவாப்பா கேட்டாராம்: "ஓட்டம் எண்டா என்ன மகள்? ஓடுறத்துக்கு உடுக்கிற உடுப்பா? எங்க ஓடப் போறீங்க?" வீடே சிரித்ததாம். ஆசிரியர் அறையில் இதைக் கேட்டு நாங்களும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. எங்கே போகப் போகிறீர்கள்?

அவருக்குச் சொன்ன விளக்கம் இதுதான். குளிர் நாடுகளில் செப்டெம்பர் முடிய மரங்களின் இலை மஞ்சளாகி, சிவப்பாகி, உதிரும். அதுதான் ஓட்டம், தமிழில் இலையுதிர்காலம். எங்கள் ஊரில் அந்த மாதங்களில் இலை உதிர்வதில்லை. வடகீழ்ப் பருவமழை பிடிக்கும், வயலில் பெரும்போக விதைப்பு நடக்கும், வடிகான் நிரம்பி ரோட்டுக்கு வரும். 30 பாகை வெயிலில் ஹூடி போட்டால் உதிர்வது வியர்வைதான்.

ஆனால் நாங்கள் எழுத வந்தது வெயிலைப் பற்றியல்ல. குளிர் நாட்டில் அந்த உடுப்பு ஏன் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். கடுங்குளிர் வந்து கதவை அடைக்க முதல் சனி, ஞாயிறில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டோரம் நடப்பார்கள், தோட்டத்தில் அப்பிள் பறிக்கப் போவார்கள், சந்தைக்குப் போவார்கள். காற்று கொஞ்சம் கூதலாக இருக்கும், அதனால் ஒரு ஜக்கெட், ஒரு சப்பாத்து. முதலில் பயணம், அதற்குப் பிறகு உடுப்பு. அந்த ஜக்கெட்டுகளில் ஒரு பங்கை எங்கள் நாட்டுப் பிள்ளைகள்தான் தைக்கிறார்கள். 1978இல் கட்டுநாயக்கவில் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயத்திலிருந்து இன்று வரைக்கும் அந்தத் தையல்தான் நாட்டுக்கு டொலர் கொண்டுவருகிறது. ஏற்றுமதியில் மிஞ்சியது நுவரெலியாவில் குளிருடுப்புக் கடைகளில் தொங்கும். போனவர்கள் பேரம் பேசி வாங்கியிருப்பீர்கள்.

நாங்களோ உடுப்பை இறக்கிக்கொண்டோம், பயணத்தை விட்டுவிட்டோம். அதுவும் எல்லோருக்கும் அல்ல. பெண் பிள்ளைகளுக்கு மட்டும்.

இது கோபத்தில் சொல்லும் வார்த்தை என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு விஷயம் சொல்கிறோம். சென்ற மாதம் தரம் 9 பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடத்தில் 'நான் கழித்த வார இறுதி' என்று ஒரு கட்டுரை கொடுத்தோம். ஆண் பிள்ளைகள் ஒரு வகுப்பு, பெண் பிள்ளைகள் பக்கத்து வகுப்பு. ஒரே தலைப்பு, ஒரே பாடவேளை. கொப்பிகளைத் திருத்தும்போது இரண்டு ஊர்களைப் பற்றி வாசிப்பதுபோல இருந்தது. (யாருடைய பிள்ளை என்று தெரியாதபடி சில விபரங்களை மாற்றியே எழுதுகிறோம். தேட வேண்டாம்.)

ஆண் பிள்ளைகளின் கொப்பியில் நாடு இருந்தது. ஒருவன் நானாவின் பைக்கில் அறுகம்பே போயிருக்கிறான், வெள்ளைக்காரர் பலகையில் அலை ஏறுவதைப் பார்த்திருக்கிறான். ஒருவன் ஒலுவில் வெளிச்சவீட்டுப் பக்கம் தூண்டில் போட்டிருக்கிறான், ஒன்றும் படவில்லை, அதையே ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறான். ஒருவன் இங்கினியாகல போய் சேனாநாயக்க சமுத்திரத்தைக் கண்டிருக்கிறான், அந்தத் தண்ணீரில் யானை நீந்தும் என்று படகுக்காரர் சொன்னதை நம்பாமல் திரும்பியிருக்கிறான். (உண்மைதான் மகன், நீந்தும்.) பக்கத்து ஊரில் மென்பந்துச் சுற்றுப்போட்டி, கல்முனையில் கொத்து, பாசிக்குடாவில் குளிப்பு. எழுத்துப் பிழை நிறைய. ஆனால் கொப்பியில் காற்று வீசியது.

பெண் பிள்ளைகளின் கொப்பியில் எழுத்து அழகு. பிழை குறைவு. சனி காலை ட்யூஷன், பின்னேரம் ட்யூஷன், ஞாயிறு உம்மாவுக்கு உதவி, உடுப்பு மடிப்பு, தம்பியைப் பார்த்துக்கொண்டது. பிறகு பல கொப்பிகளில் திரும்பத் திரும்ப ஒரே சம்பவம்: கூரியர் வந்தது. பார்சலைப் பிரித்த விதம், துணியின் பெயர், கையில் உள்ள பொத்தான், உடுத்திக்கொண்டு மொட்டைமாடியில் நிற்க தங்கச்சி போட்டோ எடுத்தது, ஸ்டேட்டஸ் போட்டது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது. அதோடு கட்டுரை முடிந்துவிடும். உடுத்திக்கொண்டு எங்கே போனாய் என்ற வரி இல்லை. ஒரு பிள்ளை, "எங்கயாவது போனால் இதைத்தான் உடுப்பேன்" என்று முடித்திருந்தாள்.

இன்னொரு பிள்ளை பாசிக்குடா போனதைப் பற்றி மிக அழகாக எழுதியிருந்தாள். தண்ணீர் முழங்காலுக்கு மேலே வரவில்லை, எவ்வளவு தூரம் நடந்தாலும் ஆழமில்லை, உம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார் என்று. வாசித்து மகிழ்ந்த பிறகுதான் எங்களில் ஒருவருக்கு ஞாபகம் வந்தது. இதே பயணத்தை, இதே செருப்போடு, அவள் தரம் 7இலும் எழுதியிருந்தாள். பொய் எழுதவில்லை அந்தப் பிள்ளை. எழுதுவதற்கு அவளிடம் அந்த ஒரு பயணம்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் பதில்களுக்கு வருவோம். இந்த விஷயத்தைப் பெற்றோர் கூட்டத்தில் பேசியபோதும், பள்ளி நிர்வாகத்தில் உள்ள பெரியவர்கள் சிலரிடம் பேசியபோதும் கிடைத்த பதில்கள் எங்களுக்குப் பாடமாகிவிட்டன.

"காசு எங்க டீச்சர் இரிக்கி?" 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற சனம் நாங்கள் எல்லோரும். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் கணக்குச் சரியாக வரவில்லை என்பது எங்களுக்கும் தெரியும், ஆசிரியர் சம்பளமும் அதே கடைக்குத்தான் போகிறது. ஆனால் பெருநாளைக்கு இரண்டு, கலியாணத்துக்கு ஒன்று, இப்போது ஓட்டத்துக்கு ஒன்று என்று வாங்குகிற வீட்டில் இந்தப் பதிலை நாங்கள் ஏற்க மாட்டோம். சீட்டுக் காசு எடுத்து அபாயா வாங்கிய வீடு எங்களுக்குத் தெரியும். ஒரு கல் வைத்த அபாயாவின் விலையில் வாப்பா, உம்மா, மூன்று பிள்ளைகள் பஸ்ஸில் ஒலுவில் போய், கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டு, ஐஸ்கிறீமும் குடித்துவிட்டு மஃரிபுக்கு வீட்டுக்கு வரலாம். பிறகும் மிச்சம் இருக்கும். மகனின் பைக்குக்கு மாதாமாதம் லீசிங் கட்டுகிற வீட்டில் மகளின் பஸ் காசுக்கு மட்டும் வறுமை வருவது என்ன கணக்கு? நாங்கள் கணிதமும் படிப்பிக்கிறோம், எங்களுக்கு விளங்கவில்லை.

"பொம்புளப் புள்ளைகள் மஹ்ரம் இல்லாமப் போகலாமா?" யார் தனியே அனுப்பச் சொன்னது? மஹ்ரம் நீங்கள்தானே வாப்பா. உங்கள் மகன்தானே அவளுக்கு நானா. சனிக்கிழமை அறுகம்பேக்கு நாலு கூட்டாளிமாரோடு புறப்படுகிற நானாவின் வாயிலிருந்துதான் தங்கச்சிக்கு இந்தச் சட்டம் வருகிறது. மஹ்ரம் என்பது கூடப் போவதற்கான பொறுப்பு. கூடப் போகாமல் இருப்பதற்கான சாட்டாக அதை ஆக்கியது எந்தக் கிதாபில் உள்ளது?

"பாதுகாப்பு இல்ல." இது நியாயமான கவலை, இதை நாங்கள் கேலி செய்ய மாட்டோம். ஆனால் ஒரு கேள்வி. கடற்கரை ரோட்டில் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பைக் ஓட்டுகிறவன் யார்? நடந்து போகிற பிள்ளைகளைப் போனில் வீடியோ எடுத்து டிக்டொக்கில் பாட்டுப் போட்டு விடுகிறவன் யார்? வேறு ஊரிலிருந்து வந்தவனா? பெரும்பாலும் நாங்கள் படிப்பித்த பிள்ளைகள், நீங்கள் பெற்ற பிள்ளைகள். அவன் செய்கிற சேட்டைக்கு அவள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது தீர்ப்பா? ஆடு பயிரை மேய்ந்தால் ஆட்டைக் கட்ட வேண்டும். நாங்கள் பயிரைப் பிடுங்கி அறைக்குள் வைக்கிறோம்.

எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், மாலைக்குப் பிறகு பெண்கள் கடற்கரைக்கு வர வேண்டாம் என்று. ஆண் பிள்ளைகள் தொல்லை கொடுக்க வேண்டாம் என்ற அறிவித்தலை அதே ஒலிபெருக்கியில் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? நாங்கள் கேட்கவில்லை.

பயத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, அவற்றையும் மறைக்கக் கூடாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாட்டிலேயே ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். போனவர்களில் பெண்களும் பிள்ளைகளும் அதிகம். அந்தக் காலையில் பிள்ளையைக் கைவிட்டுப்போன உம்மாமார் இன்னும் கடலைப் பார்ப்பதில்லை. அவர்களை யாரும் கடற்கரைக்கு இழுக்க முடியாது, இழுக்கவும் கூடாது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன செய்தோம்? ஆண் பிள்ளைகள் எப்படியோ நீந்தப் பழகிக்கொண்டார்கள். பெண் பிள்ளைகளுக்கு அன்றும் நீச்சல் இல்லை, இன்றும் இல்லை. கடல் இரைச்சல் கேட்கிற வீட்டில் படுத்து எழும்புகிற பிள்ளை, கடல் உள்வாங்குவது எப்படி இருக்கும் என்பதைப் புத்தகப் படத்தில்தான் பார்க்கிறாள். கடலைத் தெரியாத பிள்ளையை அந்தக் கடலிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது?

அடுத்தது 2019. ஏப்ரல் 21 நடந்தது நடந்தது, 29ஆம் தேதி முகம் மூடும் உடைக்குத் தடை வந்தது. தடை முகத்திரைக்கு. ஆனால் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் அலுவலகத்திலும் சாதாரண அபாயாவையும் ஸ்கார்ப்பையும் பார்த்து முகம் சுளித்தார்கள், கழற்றச் சொன்ன இடங்களும் இருந்தன. எங்களில் பலர் அந்த நாட்களில் பாடசாலைக்குப் போகிற பஸ்ஸில் குனிந்த தலையோடு போனவர்கள். அப்போது பெண்கள் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார்கள், விளங்குகிறது. ஆனால் ஆண்கள் சில மாதங்களில் பழையபடி ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். பெண்களின் கதவு மட்டும் அப்படியே சாத்திக் கிடக்கிறது. பயம் போனாலும் பழக்கம் போகவில்லை. அந்தப் பழக்கத்துக்கு இப்போது மார்க்கத்தின் பெயரை வைத்துவிட்டோம்.

மார்க்கம் என்று வந்தபடியால் அதையும் பேசுவோம். நாங்கள் மௌலவிமார் அல்ல. மதரஸாவில் ஓதியதும் வகுப்பில் இஸ்லாம் பாடம் படிப்பிப்பதும்தான் எங்கள் தகுதி. அந்தத் தகுதிக்கே தெரிகிற விஷயங்கள் இவை.

ஆயிஷா நாயகி ரழியல்லாஹு அன்ஹா அவர்களோடு ஒரு பயணத்தில் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முதல் முறை மனைவி வென்றார். பிறகு ஒரு காலத்தில், அவர் உடல் பருத்த பிறகு, மறுபடி ஓடி நபியவர்கள் வென்று, அன்றைக்கு இது பதில் என்று சொன்னார்கள். அபூதாவூதில் வருகிறது. மூத்தவாப்பா கேட்ட ஓட்டம் உண்மையில் இருந்திருக்கிறது, பாருங்கள். பெருநாள் தினத்தில் அபிஸீனியர் ஈட்டி விளையாட்டு ஆடியதை ஆயிஷா நாயகி பார்க்க, நபியவர்கள் மறைத்து நின்றுகொண்டார்கள், அவருக்கே போதுமென்று ஆகும் வரைக்கும். கால் வலிக்கிறது, போதும் வா என்று சொல்லவில்லை. பெண் பார்த்து மகிழ ஆண் நின்று கொடுத்தார். மஹ்ரம் என்றால் என்ன என்று கேட்டீர்களே, இதுதான்.

எங்களுக்கு ஆகப் பிடித்தது உம்மு அதிய்யா ரழியல்லாஹு அன்ஹா அறிவிக்கிற ஹதீஸ். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இரண்டு பெருநாளைக்கும் பெண்களைத் திடலுக்கு அழைத்து வரும்படி நபியவர்கள் கட்டளையிட்டார்கள். குமர்ப் பிள்ளைகளையும், திரைக்குள் இருக்கிற பெண்களையும், மாதவிடாய்க்காரர்களையும்கூட. தொழ முடியாதவர்கள் தொழும் இடத்திலிருந்து விலகி இருந்துகொண்டு அந்த நன்மையிலும் துஆவிலும் கலந்துகொள்ளட்டும் என்றார்கள். அப்போது ஒரு பெண் கேட்கிறார், எங்களில் ஒருத்திக்கு மேலே போர்த்திக்கொள்ள ஜில்பாப் இல்லையே என்று. உடுப்பில்லாதவள் வீட்டில் இருக்கட்டும் என்று பதில் வரவில்லை. அவளுடைய சகோதரி தன்னுடையதிலிருந்து அவளுக்கு உடுக்கக் கொடுக்கட்டும் என்றுதான் பதில் வந்தது.

நாங்கள் இதை எப்படி மாற்றி வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். அங்கே வெளியே வருவதுதான் முக்கியம், உடுப்பு இல்லையென்றால் இரவல் வாங்கியாவது வர வேண்டும். இங்கே ஒவ்வொருத்தியின் அலுமாரியிலும் அபாயா அடுக்கடுக்காக இருக்கிறது, வருவதற்குத்தான் இடமில்லை. இதற்குள் இன்னொரு கொடுமையும் நடக்கிறது. எப்போதாவது ஒரு பயணம் அமைந்தால் அது உடுப்புக் காட்சியாகிவிடுகிறது. பாடசாலைக் கல்விச் சுற்றுலாவுக்கு வராமல் நின்ற பிள்ளையிடம் காரணம் கேட்டோம். பயணக் காசு பிரச்சினையில்லை, அதை நாங்கள் சேர்த்துவிட்டோம். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நிறத்தில் புதிது எடுக்கிறார்களாம், பாடசாலைச் சீருடையைத் தவிர அவளிடம் இருப்பது ராத்தாவின் பழைய கறுப்பு அபாயா ஒன்றுதானாம், குரூப் போட்டோவில் தான் மட்டும் தனியாகத் தெரிவாளாம். நாலு நாள் கெஞ்சினோம். வரவில்லை.

இதற்காக அந்தப் பிள்ளைகளை ஏசுகிறவர்களோடு எங்களுக்குச் சண்டை உண்டு. "இந்தக் காலத்துப் பொம்புளப் புள்ளைகள் பெஷனுக்குப் பின்னால ஓடுதுகள்" என்று வெள்ளிக்கிழமைதோறும் யாராவது சொல்கிறார்கள். ஓட வேறு எந்தப் பாதையைத் திறந்து வைத்தீர்கள்? பன்னிரண்டு வயதில் சைக்கிளைப் பறித்தீர்கள். பதின்மூன்றில் முற்றத்து விளையாட்டு நின்றது. கடற்கரை இல்லை, மைதானம் இல்லை, நூலகம் ஆண்கள் நிற்கிற சந்தியில். அவளுக்கென்று தெரிவு செய்ய மிஞ்சியது ஸ்கார்ப்பின் நிறம் ஒன்றுதான். அதில் அவள் ஆறு மணித்தியாலம் செலவழித்தால் ஆச்சரியம் என்ன? பூட்டிய அறையில் உள்ளவள் யன்னல் சீலையின் பூவை எண்ணத்தான் செய்வாள்.

ஒன்லைனில் உடுப்பு விற்கிற ராத்தாமாரையும் நாங்கள் குற்றம் சொல்ல வரவில்லை. கணவர் கட்டாரில், அல்லது கணவரே இல்லை, வீட்டில் இருந்தபடி நாலு காசு உழைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார்கள். அவர்களில் பலரின் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள், கொப்பி புத்தகம் குறைவில்லாமல் வருகிறார்கள். அவர்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள் மட்டும் உண்டு. இந்த நிதா, சூம், ஜோர்ஜட் எல்லாம் சரி, மழைக்கும் வெக்கைக்கும் ஏற்ற பருத்தியும் கொஞ்சம் காட்டுங்கள். மருதமுனையில் தறிச் சத்தம் இன்னும் கேட்கிறது. எங்கள் மூத்தம்மாமார் அந்தத் தறிச் சேலையைத்தான் முக்காடு போட்டு உடுத்தார்கள், அதோடுதான் வயலுக்கும் கந்தூரிக்கும் போனார்கள், கூட்டு வண்டியில் இரவிரவாகப் பயணமும் போனார்கள். அவர்களுக்கு அவுட்டிங் என்ற சொல் தெரியாது. போய் வந்த கதை நிறையத் தெரியும். இன்று அவர்களின் பேத்தி அவுட்டிங் அபாயா உடுத்து, சொல்வதற்குக் கதை இல்லாமல் இருக்கிறாள். (தறியில் அபாயாத் துணி நெய்யலாமா என்று யாராவது முயற்சி செய்தால் முதல் பத்து மீற்றர் எங்களுக்கு.)

"டீச்சர்மார் படிப்ப விட்டுட்டு பீச்சுக்குக் கூப்புடுறாங்க" என்று எழுதப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. படிப்பைப் பற்றித்தான் பேசுகிறோம். ஒலுவிலில் துறைமுகம் வந்த பிறகு கடல் கரையைத் தின்ற கதை எங்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சையில் வரக்கூடிய விஷயம். ஆண் பிள்ளை போய்ப் பார்த்த விழுந்த தென்னையைப் பற்றி எழுதுகிறான், பெண் பிள்ளை நோட்ஸை மனனம் செய்து எழுதுகிறாள். இன்றைக்கு அவளுக்குத்தான் புள்ளி கூட. நாளைக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டி வரும்போது என்ன நடக்கிறது? பஸ் மாறி ஏறத் தெரியாது, தனியே ஒரு விலாசம் தேடத் தெரியாது, பயப்படுகிறாள், வீடும் பயப்படுகிறது. மூன்று பாடத்திலும் சித்தியடைந்த பிள்ளை "தூரம்" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறாள். இதை நாங்கள் வருடாவருடம் பார்க்கிறோம். தரம் 9இல் பத்து மைல் போகாதவளை இருபது வயதில் இருநூறு மைல் அனுப்ப யாருக்கும் தைரியம் வராது.

நாங்கள் கேட்பது பெரிய விஷயமல்ல. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, அஸருக்குப் பிறகு மஃரிப் வரை, கடற்கரையின் ஒரு துண்டு குடும்பங்களுக்கு. அந்த இரண்டு மணித்தியாலம் அந்த ரோட்டில் பைக் வேண்டாம். பள்ளி நிர்வாகம் ஒலிபெருக்கியில் அதை ஆண் பிள்ளைகளுக்கு அறிவிக்கட்டும். பெண்களுக்கு ஒரு மலசலகூடம், வுழூ எடுக்க ஒரு குழாய், தொழ ஒரு மறைப்பு. கடற்கரையில் பூங்கா என்று பெயர்ப்பலகை நடுகிறார்கள், ஆனால் ஒரு பெண் அங்கே இரண்டு மணித்தியாலம் இருக்க வேண்டுமென்றால் முதலில் தேவைப்படுவது என்ன என்று நட்டவர்கள் யாரும் யோசிப்பதில்லை. அடுத்த சபைக்கு வாக்குக் கேட்டு வருகிறவரிடம் கேளுங்கள், நாங்களும் கேட்போம்.

அனுமதி வரும்வரை காத்திருக்கவும் போவதில்லை. மழை கனக்க முதல், கடல் பொங்க முதல், இந்த மாதத்தில் ஒரு பின்னேரமாவது வேண்டும். வருகிற சனிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு நாங்கள் ஏழெட்டு ஆசிரியைகளும் சில உம்மாமாரும் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகிறோம். எங்கள் வீட்டு ஆண்களும் வருகிறார்கள், தள்ளி இருந்துகொள்வார்கள். பன்பாய் எங்களிடம் இருக்கிறது. பிளாஸ்க்கில் பிளேன்டீ, அவித்த கடலை, யாராவது ரொட்டி சுட்டால் நல்லது. குப்பை போட ஒரு சாக்கு கொண்டு வாருங்கள்.

புதிய உடுப்பு வேண்டாம். வீட்டில் உடுக்கிற அபாயா போதும், நனையக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது. உடுத்து வர ஒன்றும் இல்லையென்று யாராவது பிள்ளை நின்றால் காதோடு காதாக எங்களில் ஒருவருக்குச் சொல்லுங்கள், எங்கள் அலுமாரியிலும் உண்டு. குரூப் போட்டோ எடுக்க மாட்டோம். ஸ்டேட்டஸுக்கு வேண்டுமென்றால் கடலை மட்டும் எடுங்கள்.

மழை பெய்தால் ஞாயிற்றுக்கிழமை.